சாவியைக் கொடுத்தால் போதாது: தொழில் குடும்பங்களில் தொடங்கும் துணிச்சல் தலைமுறை தாண்டுவது எப்படி?

கூட்டம் முடிந்தது. புதிய நிர்வாக இயக்குநருக்கு 34 வயது. விற்பனை சரிந்துவரும் ஒரு பழைய பொருளை நிறுத்திவிட்டு, அந்த இயந்திரங்களை வேறொரு பொருளுக்குத் திருப்பலாம் என்று சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள், குறிப்பும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு உற்பத்தி மேலாளர் எழுந்து தாழ்வாரத்தின் கடைசி அறைக்குப் போய்க் கதவை மெல்லத் தட்டினார். "ஐயா, பாப்பா சொன்ன மாதிரியே செஞ்சிடலாமா?"

ஐயா பொறுப்பை ஒப்படைத்து மூன்று வருடம் ஆகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கொஞ்சம் பொறுங்க, நான் பேசறேன்" என்றார். அத்தோடு அந்தத் திட்டம் படுத்துவிட்டது.

பல குடும்பங்களில் பார்த்ததை ஒரே காட்சியாகச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குப் பதவி வந்துவிட்டது, கையெழுத்து அதிகாரம் வந்துவிட்டது, பங்கில் பாதிகூட வந்துவிட்டது. அப்பாவுக்கு அந்த வயதில் இருந்த ஒன்று மட்டும் வரவில்லை. யாரையும் கேட்காமல் ஒன்றைத் தொடங்கிப் பார்த்து, கவிழ்ந்தால் தானே தூசி தட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் உரிமை அது. தொழிலைக் கைமாற்றிக் கொடுப்பதும் தொழில்முனைவைக் கைமாற்றிக் கொடுப்பதும் ஒன்றென்று நினைப்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. முன்னதற்கு வக்கீலும் கணக்காளரும் போதும். பின்னதற்குப் பத்துப் பதினைந்து வருட வேலை இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அது வந்து நிற்கும். "குடும்பத் தொழில்களில் 13 சதவீதம்தான் மூன்றாம் தலைமுறையைத் தாண்டுகின்றன" என்பார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநில உற்பத்தி நிறுவனங்களை 1924 முதல் 1984 வரை தொடர்ந்து பார்த்து, ஜான் வார்டு 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் இது. அறுபது வருடம் கழித்தும் அதே குடும்பத்தின் கையில் இருந்தவை அந்த 13 சதவீதம்தான். நல்ல விலைக்கு விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போன குடும்பமும் அந்தக் கணக்கில் தாண்டாததாகவே விழும். குடும்பம் சாராத நிறுவனங்கள் மட்டும் அறுபது வருடம் அசையாமல் நிற்கின்றனவா என்ன? ஆக, இந்த எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். ஒரே நிறுவனம் எத்தனை வருடம் நின்றது என்பதைவிட, குடும்பம் எத்தனை முறை புதிதாகத் தொடங்கியது என்பதுதான் நமக்குத் தேவையான அளவுகோல்.

படி 1: கடத்த வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள்

ஜப்பானின் சாகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924-இல் அவர் முழுமையாக்கிய தானியங்கித் தறி உலகத் தரமானது. 1929-இல் அதன் காப்புரிமை பிரிட்டனின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மகன் கீச்சிரோவுக்கு ஆர்வம் கார்மேல். தறித் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு மூலையில் சின்ன எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். 1933-இல் தறி நிறுவனத்துக்குள் கார் பிரிவு பிறந்தது. 1937-இல் அது தனி நிறுவனமாகி டொயோட்டா மோட்டார் ஆனது. இந்தக் குடும்பத்தில் அப்பா மகனுக்குக் கொடுத்தது தறியை அல்ல. நுட்பமாக ஓர் இயந்திரத்தைச் செய்யும் அறிவையும் அதை வைத்து வேறொன்றை முயன்று பார்க்கும் இடத்தையும் கொடுத்தார்.

பாரிஸில் 1837-இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய எர்மேஸ் குடும்பமும் அப்படித்தான். கார் வந்து குதிரை போனது. சேணம்தான் நம் தொழில் என்று நினைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோலை அழகாகத் தைப்பது நம் தொழில் என்று நினைத்ததால் பைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுவது. நம் குடும்பத்துக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தது என்ன? நம்மை நம்பிக் கடன் கொடுப்பவர், சரக்கு கொடுப்பவர், வாங்குபவர் யார் யார்? நம் பெயருக்கு எந்தக் காரியத்தில் மதிப்பு? அவசரமாகத் திருப்பிக் கேட்கப்படாத பணம் நம்மிடம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் தாண்டிப் போவார்கள், ஆனால் குடும்பத் தொழிலுக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். வெளி முதலீட்டாளர் ஐந்து வருடத்தில் வெளியேற வழி கேட்பார். குடும்பம் பதினைந்து வருடம் காத்திருக்கும்.

அந்தத் தாளில் பொருளின் பெயரோ கட்டடமோ இயந்திரமோ வந்தால் அடித்துவிடுங்கள். அவையெல்லாம் இன்றைக்கு இருக்கும் வடிவம் மட்டும்.

படி 2: யார் எங்கே நிற்கிறார் என்று வரையுங்கள்

1978-இல் ஹார்வர்டில் ரெனாட்டோ தகியூரியும் ஜான் டேவிஸும் ஒரு எளிய படம் வரைந்தார்கள். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள்: குடும்பம், உடைமை, தொழில். இவற்றில் ஏழு இடங்கள் உருவாகும். குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் பங்கும் இல்லை, வேலையும் இல்லை என்பது ஓர் இடம். பங்கு உண்டு, வேலை இல்லை என்பது இன்னொன்று. மூன்று வட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அப்பா அல்லது மூத்தவர்.

ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் இடத்தில் எழுதிப் பாருங்கள். பல சண்டைகளுக்குக் காரணம் குணம் அல்ல, நிற்கும் இடம் என்பது தெரியும். தொழிலுக்குள் இருக்கும் தம்பி லாபத்தைத் திரும்பவும் தொழிலிலேயே போட வேண்டும் என்பார். பங்கு மட்டும் வைத்திருக்கும் அக்கா, "எனக்கு வருவதே இந்த ஒரு வருமானம்தான், அதையும் ஏன் நிறுத்தறே?" என்பார். இரண்டு பேரும் சொல்வது அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். இது புரியாத வீட்டில் அக்கா பேராசைக்காரி ஆகிவிடுவார், தம்பி சுயநலக்காரர் ஆகிவிடுவார்.

படி 3: பழைய கதையைச் சரியாகச் சொல்லுங்கள்

ஜெர்மனியில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை மது செய்துவரும் 21 குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. புதிது புதிதாக எதையாவது செய்துகொண்டே இருந்த குடும்பங்களுக்கும், இருப்பதை இருந்தபடியே நடத்திவந்த குடும்பங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் தேடினார்கள். கிடைத்த விடைகளில் ஒன்று, வீட்டில் சொல்லப்படும் கதை. முதல் வகைக் குடும்பங்களில் முன்னோர் எப்படித் துணிந்து ஒன்றைத் தொடங்கினார்கள், போர், பஞ்சம், நஷ்டம் என்று இடி விழுந்தபோது எப்படி மீண்டார்கள் என்ற கதைகள் சாப்பாட்டு மேசையிலேயே புழங்கின. பிள்ளைகளுக்கு அது வரலாற்றுப் பாடமாக இல்லை, "நம்ம ஆளுங்க இப்படித்தான்" என்ற எண்ணமாகப் பதிந்தது.

நம் வீடுகளிலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் துதிபாடலாக இருக்கும். தாத்தா வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், உயர்ந்தார், படம் சுவரில் தொங்குகிறது. இதைக் கேட்டு வளரும் பேரனுக்கு ஒரே ஒரு பாடம்தான் கிடைக்கும்: தாத்தா அளவுக்கு நம்மால் முடியாது, கெடுக்காமல் இருந்தாலே போதும்.

ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து வேறு மாதிரிக் கேளுங்கள். தொடங்கி மூடிய தொழில் எது? யார் ஏமாற்றினார்? சம்பளம் போட முடியாத மாதம் எப்போது வந்தது, அன்றைக்கு யாரிடம் போய் நின்றீர்கள்? அப்போது உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்ன? போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டாலே போதும். மூடிய தொழில்களின் பட்டியல் ஒன்றைத் தனியாகத் தயார் செய்யுங்கள். தாத்தாவும் மூன்று முறை தோற்றார் என்று தெரிந்த பேத்திக்குத் தன் முதல் தோல்வி குடும்ப அவமானமாகப் படாது.

படி 4: பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், விதியை முன்கூட்டியே எழுதுங்கள்

படிப்பு முடித்த மறுநாளே அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவது பாசத்தில் செய்யும் தவறு. வெளியே வேலை பார்த்தவருக்கு இரண்டு விஷயம் கிடைக்கும். தன் மதிப்பு என்ன என்று பெயரின் துணையில்லாமல் தெரிந்துகொள்வார். நம் தொழிலில் இல்லாத ஒரு பழக்கத்தையோ நுட்பத்தையோ கொண்டுவருவார். மேலே சொன்ன ஜெர்மன் குடும்பங்களும் இதைத் திட்டமிட்டே செய்தன. பிள்ளைகள் தொழிலுக்கு உதவும் படிப்பைப் படித்து, வெளியே நல்ல இடங்களில் வேலை கற்றுக்கொண்டு வந்தார்கள்.

விதிகள் சிக்கலாக இருக்க வேண்டியதில்லை. குறைந்தது மூன்று முதல் ஐந்து வருட வெளி அனுபவம், அதில் ஒரு பதவி உயர்வாவது. உள்ளே வரும்போது காலியாக இருக்கும் உண்மையான வேலைக்கு, சந்தைச் சம்பளத்தில். முதல் மேலதிகாரி பெற்றோராக இருக்கக் கூடாது. இவ்வளவு போதும். ஆனால் இவற்றை மூத்த பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வேலைக்கு வரப்போகும் ஆள் யார் என்று தெரிந்த பிறகு எழுதும் விதி, அந்த ஆளுக்காகவோ அவருக்கு எதிராகவோ எழுதியதாகத்தான் பேசப்படும்.

வராமல் இருக்கும் உரிமையையும் அதே தாளில் எழுதுங்கள். வேறு வழியில்லாமல் வந்தவரால் எதையும் தொடங்க முடியாது.

படி 5: பாலம் கட்டுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாரிசு உள்ளே வந்த பிறகு இரண்டு தலைமுறையும் சேர்ந்து ஓடும் காலம் ஒன்று வரும். ஐந்து முதல் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காலத்தை வீணாக்கும் வழி, வாரிசை ஒவ்வொரு துறையிலும் ஆறு மாதம் உட்காரவைத்து "கத்துக்கோ" என்பது. பயனுள்ள வழி வேலையைப் பிரித்துக்கொள்வது. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை மூத்தவர் பார்த்துக்கொள்வார், அதன் பணமும் பலமும் பின்னால் நிற்கும், இளையவர் புதியதைத் தொடங்குவார். டொயோடா குடும்பத்தில் சாகிச்சியின் மருமகன் ரிசாபுரோ தறி நிறுவனத்தின் தலைவராக இருந்து பழைய தொழிலை நடத்தினார். கீச்சிரோ காரில் இறங்கினார். கார் நிறுவனம் தனியாகப் பிரிந்தபோதுகூட முதல் தலைவர் ரிசாபுரோதான். கணக்குப் பார்க்கும் ஒருவர், கனவு காணும் ஒருவர் என்று ஒரே வீட்டில் இருவர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அந்த இருவரையும் தனித்தனி வேலையில் வைத்தது அதிர்ஷ்டம் அல்ல.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது?

முதலில் ஒரு தொடக்க நிதியை ஒதுக்குங்கள். எவ்வளவு என்பதற்கு என் கணக்கு எளிது: முழுக்கப் போனாலும் பழைய தொழிலின் சம்பளமும் கடன் தவணையும் ஒரு நாளும் தவறக் கூடாது, அதேசமயம் போனால் வலிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். வலிக்காத பணத்தில் செய்வது பொழுதுபோக்கு. இந்த நிதி தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அவசரத்துக்கு அதிலிருந்து பழைய தொழிலுக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் தொடங்கினால், இரண்டே வருடத்தில் நிதி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்து, யார் கொடுப்பது? அப்பா ஒருவரே முடிவு செய்தால் அது கைச்செலவுக் காசு. மூன்று பேர் கொண்ட சின்னக் குழு போதும். அதில் ஒருவர் கட்டாயம் வெளியாள். சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்தியவராக இருந்தால் மிக நல்லது. கேட்டு வருபவர் ஐம்பது பக்க அறிக்கை தர வேண்டாம். ஒரே பக்கத்தில் நான்கு வரி எழுதினால் போதும். நாங்கள் நம்புவது என்ன; அது உண்மையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்; எந்தத் தேதிக்குள்; எது நடந்தால் நிறுத்துவோம்.

நிறுத்தும் நிபந்தனையை முன்பே எழுதிவைப்பது முக்கியம். குடும்பத்தில் யாரும் யாரிடமும் "இது தேறாது, மூடிடு" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது தொழில் பேச்சாக இருக்காது, மனிதரைப் பற்றிய பேச்சாகிவிடும். அதனால் தேறாத திட்டம் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். முன்கூட்டியே எழுதிய ஒரு வரி இருந்தால் அந்த வரியே சொல்லிவிடும், மாமா சொல்ல வேண்டியதில்லை.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். முதல் தவணை, ஒரு கேள்விக்கு விடை காணும் அளவுக்கு. விடை கிடைத்த பிறகு அடுத்தது. ஒரு மகன் புதுப் பொருள் ஒன்றை இணையத்தில் நேரடியாக விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். முதல் தவணைக்கான கேள்வி "விற்குமா?" என்பதாக இருக்கக் கூடாது, "ஒருமுறை வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் மறுபடி வாங்குகிறாரா?" என்பதாக இருக்க வேண்டும். இருநூறு வாடிக்கையாளரை வைத்து அதைத் தெரிந்துகொள்ளலாம். கிடங்கும் மென்பொருளும் இருபது ஆட்களும் அதற்குப் பிறகு.

தொடங்குபவருக்கு அந்தப் புதிய தொழிலில் சொந்தப் பங்கு உண்டா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். உழைத்து மேலே கொண்டுவந்த பிறகு, "எல்லாம் குடும்பச் சொத்துதானே, எல்லோருக்கும் சமம்" என்று சொன்னால் அவர் இரண்டாவது தொழிலைத் தொடங்கமாட்டார். மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

தோற்றவருக்கு என்ன? எழுதிவைக்க வேண்டிய கடைசி விதி இது. நிபந்தனைப்படி நேரத்தில் நிறுத்தி, கணக்கை மறைக்காமல் வைத்தவர் மறுபடி கேட்டு வரலாம். மறைத்தவர் வரக் கூடாது. பணத்தை இழந்ததற்குத் தண்டனை இல்லை, மறைத்ததற்கு உண்டு என்பதில் குடும்பம் ஒருமுறையாவது உறுதியாக நின்று காட்டினால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

படி 6: விலகுவதற்குத் தேதி குறியுங்கள்

தலைவர்கள் விலகும் விதத்தை அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர் ஜெஃப்ரி சோனன்ஃபெல்ட் 1988-இல் நான்கு வகையாகப் பிரித்தார். மன்னர் சாகும்வரை விலகமாட்டார். தளபதி விலகிவிட்டு, நிலைமை மோசமாகட்டும், திரும்பி வரலாம் என்று காத்திருப்பார். தூதர் விலகி, கேட்டால் யோசனை சொல்வார். ஆளுநர் தன் காலம் முடிந்ததும் முற்றிலும் வேறு வேலைக்குப் போய்விடுவார். நம் முதல் காட்சியின் ஐயா தன்னைத் தூதராக நினைத்துக்கொண்டிருக்கும் தளபதி.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தட்டிய கதவைத் திறக்கத்தான் யாருக்கும் தோன்றும். சுசுகி நிறுவனத்தின் ஒசாமு சுசுகி 1978-இல் தலைமைக்கு வந்து, தலைவர் பதவியை மகனுக்குக் கொடுத்தது 2015-இல். அப்போது அவருக்கு 85 வயது. அதன் பிறகும் 2021 வரை நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தார். நிறுவனத்தைச் சிறியதிலிருந்து உலக அளவுக்கு வளர்த்தவர்களுக்கே விலகுவது இத்தனை நீளமான காரியம்.

நல்லெண்ணத்தை நம்பாமல், விலகுவதைக் கண்ணுக்குத் தெரியும் காரியங்களாக மாற்றுங்கள். வங்கிக் கையெழுத்து எந்தத் தேதியில் மாறும்? பெரிய வாடிக்கையாளர்களின் அழைப்பு எந்த எண்ணுக்குப் போகும்? அப்பாவின் அறை எங்கே? என் அனுபவத்தில் இந்த அறை விவகாரம் அற்பமானது அல்ல. அறை அதே கட்டடத்தில் அதே தாழ்வாரத்தில் இருக்கும்வரை கதவு தட்டப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை, தட்டுபவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனப்பாடம் செய்துகொள்ளட்டும்: "அவங்க சொன்னாங்களா? அப்ப அதையே செய்யுங்க. என்கிட்ட வராதீங்க." முதல் ஆறு மாதத்துக்கு வாய் கசக்கும்.

இரண்டு ஏற்பாடுகள் இதை எளிதாக்கும். பெரியவரின் வாழ்க்கைச் செலவுக்கான வருமானம் தொழிலின் லாபத்தைச் சாராமல் தனியாக இருக்க வேண்டும். தொழில் கவிழ்ந்தால் தன் முதுமையும் கவிழும் என்ற நிலையில் இருப்பவர் மகளின் எந்தப் புது முயற்சிக்கும் சம்மதிக்கமாட்டார், அது நியாயமும்கூட. மற்றொன்று, அவருக்குப் போக ஓர் இடம் வேண்டும். அறக்கட்டளையோ, தொடக்க நிதியின் குழுவில் ஓர் இடமோ, வேறு யாருடைய புதுத் தொழிலுக்காவது வழிகாட்டும் வேலையோ, ஏதாவது ஒன்று.

படி 7: பங்கை உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள்

திருபாய் அம்பானி 2002-இல் உயில் இல்லாமல் மறைந்தார். சகோதரர்களுக்குள் பிணக்கு வெடித்து, 2005-இல் தாயார் முன்னின்று பெரும் தொழில் குழுமத்தை இரண்டாகப் பிரித்தார். ஜெர்மனியில் ஒரே காலணித் தொழிற்சாலையை நடத்திய டாஸ்லர் சகோதரர்கள் 1948-இல் பிரிந்தார்கள்; ஒருவர் பூமாவையும் மற்றவர் அடிடாஸையும் கட்டினார்கள். பிரிவினை எப்போதும் கேடு இல்லை என்பதற்கு இரண்டாவது கதையைச் சிலர் சொல்வதுண்டு. நானும் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிவதாக இருந்தால் கணக்கோடு பிரிய வேண்டும், கோபத்தோடு அல்ல.

சமமாகப் பங்கு பிரிப்பது நியாயமாகத் தோன்றும். மூன்று தலைமுறை சமமாகப் பிரித்தால் முப்பது பேர் கையில் சில்லறையாகப் பங்கு இருக்கும், யாராலும் ஒரு துணிச்சலான முடிவை எடுக்க முடியாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நடத்துபவர் கையில் பங்கைச் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடாக வேறு சொத்தோ தவணைப் பணமோ கொடுப்பது. ஜெர்மன் மதுக் குடும்பங்களில் துடிப்பானவை இப்படித்தான் வாரிசின் கையைப் பலப்படுத்தின. மற்றொன்று, பங்குகள் பலர் பெயரில் இருந்தாலும் வாக்கை ஒன்றாகக் கட்டிவைப்பது. 2010-இல் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச் சத்தமில்லாமல் தங்கள் பங்குகளை வாங்கிச் சேர்த்திருப்பது தெரியவந்ததும், எர்மேஸ் குடும்பத்தினர் மறுவருடமே பாதிக்கும் மேற்பட்ட பங்கை ஒரு கூட்டு நிறுவனத்தில் போட்டு, இருபது வருடம் விற்க முடியாதபடி பூட்டினார்கள்.

எந்த வழியானாலும் பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அதில் முக்கியமான பகுதி விலகும் வழி: பங்கின் மதிப்பை எந்தச் சூத்திரத்தில், யார் கணக்கிடுவார், குடும்பத்துக்குள் யாருக்கு முதலில் விற்க வேண்டும், பணம் எத்தனை வருடத் தவணையில், மரணம், விவாகரத்து வந்தால் என்ன. வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பலர் வெளியேறமாட்டார்கள். கதவு பூட்டியிருக்கிறது என்றால்தான் உதைப்பார்கள். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் வரைவை உள்ளூர் வக்கீலிடம் கொடுங்கள். முடிவுகளை அவரிடம் விடாதீர்கள்.

படி 8: குடும்பம் என்றால் யார் என்று அகலமாகப் பாருங்கள்

மூத்த மகன் என்ற ஒரே ஓர் ஆளிடம் தொழில்முனைவைத் தேடினால், கிடைக்கும் வாய்ப்பு குறைவு. மகள்கள், மருமகள்கள், மருமகன்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர்ந்தெடுக்க ஆள் இருக்கும். ஜப்பானிய வணிகக் குடும்பங்கள் திறமையான மருமகனைத் தத்தெடுத்துத் தங்கள் குடும்பப் பெயரையே கொடுத்தன. மேலே சொன்ன ரிசாபுரோவும் ஒசாமு சுசுகியும் அப்படி வந்தவர்கள்தான். பெற்ற மகனைத் தேர்ந்தெடுக்க முடியாது, மருமகனை முடியும் என்பது அதன் பின்னால் இருந்த கறாரான கணக்கு.

சிலசமயம் வீட்டில் யாருமே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பொம்மை செய்யும் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2003-இல் பெரும் நஷ்டத்தில் இருந்தது. நிறுவனரின் பேரன் 2004-இல் தலைமை நிர்வாகப் பொறுப்பை முப்பத்தைந்து வயதான வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார். உடைமை குடும்பத்திடமே இருந்தது, நிறுவனம் மீண்டது. 1756-இல் தொடங்கிய ஜெர்மனியின் ஹானியல் குடும்பம் இன்னும் ஒரு படி மேலே போய், குடும்பத்தினர் யாரும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள குடும்பத்துக்கு அது பொருந்தும். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். கையில் அழுக்குப் படாமல் வளரும் தலைமுறைக்கு எதைத் தொடங்குவது என்றே தெரியாமல் போகும்.

படி 9: எழுதுங்கள், கூடுங்கள்

குடும்பம் தனக்குத் தானே எழுதிவைக்கும் விதிகளைக் குடும்ப சாசனம் என்பார்கள். சொல் புதிதாகத் தோன்றலாம். ஜப்பானின் மித்சுய் குடும்பம் 1722-இலேயே அப்படி ஒன்றை எழுதியது. ஆலோசகர்கள் தரும் நாற்பது பக்க சாசனங்களை நான் பார்த்திருக்கிறேன், திறந்து படித்த குடும்பத்தைப் பார்த்ததில்லை. ஐந்து பக்கம் போதும்: வேலை விதி, தொடக்க நிதி விதி, பங்கு விதி, விலகும் தேதிகள், சண்டை வந்தால் யாரிடம் போவது. வருடம் இருமுறை கூடுங்கள். இயக்குநர் குழுக் கூட்டமும் குடும்பக் கூட்டமும் ஒரே நாளில் ஒரே அறையில் நடக்க வேண்டாம். பதினாறு வயதானவர்கள் குடும்பக் கூட்டத்தில் உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும்.

படி 10: விடவும் தயாராக இருங்கள்

ஜப்பானின் கோங்கோ குமி 578-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில் கட்டுமான நிறுவனம். பதினான்கு நூற்றாண்டு தாண்டி, 1980-களின் நில விலை ஏற்றத்தில் கடன் வாங்கி நிலத்தில் இறங்கியது. விலை சரிந்தபோது கடன் மட்டும் மிச்சம். 2006-இல் வேறொரு கட்டுமான நிறுவனத்துக்குள் சேர்க்கப்பட்டது. புதியதில் இறங்கியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். படி 1-இன் தாளில் எழுதியிருக்க முடியாத ஒன்றில், படி 5-இன் அளவைத் தாண்டிய பணத்தோடு இறங்கியதுதான் பிழை.

எதிர்ப்பக்கத்தில் பிரான்ஸின் வெந்தெல் குடும்பம். 1704 முதல் இரும்பும் எஃகும் செய்தவர்கள். 1978-இல் அரசு எஃகுத் தொழிலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. இருநூற்று எழுபது வருடத்துக்கும் மேலான தொழில் கையைவிட்டுப் போனது. குடும்பம் கலைந்துவிடவில்லை. மிஞ்சியதை ஒன்றாக வைத்துக்கொண்டு மற்ற நிறுவனங்களில் முதலீடு செய்யும் குழுமமாக மாறியது.

நீங்கள் விற்க நேர்ந்தால், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். வரும் பணத்தில் எத்தனை பங்கு பிரியும், எத்தனை பங்கு பொதுவில் தொடக்க நிதியாக நிற்கும் என்பதுதான் அது. பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போன பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் யாரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.